மூன்றரை லிட்டர்

கண்காணிப்பாளரின் மேசைமேல் அக்கடிதம் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டு, கையொப்பத்திற்கான இடம் மட்டும் காலியாக விடப்பட்டிருந்தது. மூன்றரை லிட்டர் ஸ்பிரிட்டைக் களவாடியதாகவும், ஆகவே வேலையிலிருந்து தானே விலகிக்கொள்வதாகவும் கலவைக்காரி ஒப்புக்கொள்வது போல அதில் எழுதியிருந்தது. படித்தவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

நடந்தது இதுதான். தரை துடைக்கும் கிருமிநாசினி தயாரிக்கும் அந்த ஆலையில், ஐம்பது லிட்டர் ஸ்பிரிட்டையும் ஐம்பது லிட்டர் நீரையும் பீப்பாயில் ஊற்றிக் கலக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக அதைச் செய்துவந்த அவளுடைய நாத்தனார் பாட்டில் பிரிவுக்கு மாறிவிடவே, அன்றுதான் அவள் முதன்முறையாகக் கலந்தாள். கண்காணிப்பாளர் அளவுகோலை இறக்கி எடுத்தபோது, அது தொண்ணூற்றாறரை வரை மட்டுமே நனைந்திருந்தது.

"மீதி எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகல சார். உள்ளதான் இருக்கு."

"அப்ப கோல் பொய் சொல்லுதா? உன் நாத்தனார் கலந்தப்ப ஒரு நாள்கூட நூறுக்குக் கீழ எறங்கல. மூடி வேற போட்டிருக்க, ஆவியாவும் போயிருக்காது. வயித்துக்குள்ள போச்சோ?"

வாசலில் நின்றிருந்த நாத்தனார் பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டாள். "இருமல் மருந்து குடிச்சாலே எங்க அண்ணி ரெண்டு நாள் எந்திரிக்க மாட்டாங்க சார்!"

"சொந்தக்காரங்க சாட்சி செல்லாது. நீ கையெழுத்தப் போடும்மா."

நாற்பத்து மூன்றாம் வயதில், வேலை முடிந்த அலுப்போடு மாலை வகுப்பில் உட்கார்ந்து, வேதியியலில் தேர்ச்சி பெற்றவள் அவள். குடிகாரி, திருடி என்னும் இரண்டு பட்டங்களைச் சுமந்துகொண்டா இந்த வாசலைத் தாண்டுவது? கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பெட்டி எடை போடுற தராசுக்கு வாங்க சார். நான் எதையும் தொட மாட்டேன். நீங்களே ஊத்துங்க."

பாட்டில் பிரிவிலிருந்த தராசருகே இரண்டு கண்ணாடி அளவுக்குவளைகள் வந்தன. ஒன்றில் ஐம்பது மில்லிலிட்டர் ஸ்பிரிட், மற்றொன்றில் அதே அளவு நீர். இரண்டையும் சேர்த்து எடை குறிக்கப்பட்டது. கண்காணிப்பாளர் ஸ்பிரிட்டை நீரில் ஊற்றிக் கலக்கினார். திரவம் தொண்ணூற்றாறு கோட்டைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. காலிக் குவளையையும் சேர்த்து மீண்டும் நிறுத்தபோது, எடையில் மாற்றமே இல்லை.

"இப்பச் சொல்லுங்க சார், நீங்க எத்தன மடக்கு குடிச்சீங்க?"

பாட்டில் பிரிவே சிரித்தது. அவர் இன்னும் இருமுறை ஊற்றிப் பார்த்தார். திரவம் ஏறுவேனா என்றது.

அவள் பாடத்தை ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இடையே வெற்றிடம் விட்டு நிற்பவை. ஸ்பிரிட்டின் மூலக்கூறுகள் புகுந்ததும் புதிய பிடிப்புகள் உண்டாகி, இரண்டும் நெருக்கியடித்து அமர்ந்துகொள்கின்றன. ஆகவே கன அளவு குறையும், எடை குறையாது. அப்பிடிப்பின் போது வெப்பமும் வெளிப்படும்.

"குவளையத் தொட்டுப் பாருங்க."

தொட்டவர் விரலை எடுத்துக்கொண்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

"அப்ப உன் நாத்தனாருக்கு மட்டும் எப்படி நூறு வந்துச்சு?"

விடை அவளுக்குத் தெரியும். சொன்னால் நாத்தனாரின் தலைதான் உருளும் என்பதும் தெரியும்.

"தண்ணி ஊத்தி நெரப்பினேன் சார்," என்றாள் நாத்தனார். "எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான். கோல் நூறு காட்டலன்னா இந்த மாதிரி கடுதாசி நீட்டுவீங்கன்னு பயம். அண்ணிகிட்டயும் நெரப்பச் சொன்னேன். சரக்கோட வீரியம் கெட்டுடும், மாட்டேன்னுட்டாங்க."

ஆக, நாணயமாகக் கலந்தவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் திருடிப் பட்டம்!

கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "சரி விடும்மா. கடுதாசியக் கிழிச்சிடலாம். நீயும் ரெண்டு மக்குத் தண்ணிய ஊத்திட்டுப் போ. எதுக்கு வம்பு?"

"கிழிக்க விட மாட்டேன் சார். தண்ணியும் ஊத்த மாட்டேன்."

கடிதத்தைப் பிரித்து, தட்டச்சு வரிகளைக் குறுக்காக அடித்தாள். காலியிடத்தில் தன் மணிமணியான கையெழுத்தில் எழுதினாள்: 'எதுவும் களவு போகவில்லை. எடை சரியாக உள்ளது. இனி இவ்வாலையில் கலவை எடையால் மட்டுமே சரிபார்க்கப்படும்.' கீழே ஒப்பமிட்டு அவர் பக்கம் திருப்பினாள்.

"இப்ப நீங்க போடுங்க."

அவர் சட்டைப்பையைத் தடவினார். "பேனாவ எங்கயோ வெச்சிட்டேன்..."

அவள் தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.