நாரைகள் மேய்ந்த வீடு

1963ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு, தாராவியில் நம்பிராஜன் சதுப்பைத் தூர்த்துக் கட்டிய புது வீட்டுக்குள் நாரைகள் மீன் பிடிக்க வந்தன. மாகிம் கழியில் கடல்நீர் ஏறும் நேரத்தில் அவை வாசல் வழியாக ஒவ்வொன்றாக நுழைந்து, சாணி மெழுகிய காய்ந்த தரையில் முழங்கால்வரை அமிழ்ந்து நின்று, அலகைத் தரைக்குள் விட்டுத் துழாவி, துள்ளும் மீனோடு நிமிர்ந்தன. நீர் வடியும் நேரம் பறந்துபோயின. தரையில் ஒரு கீறல் கிடையாது. குளத்தைத் தூர்த்தாயிற்று என்று நாரைகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நம்பிராஜனால்தான் அப்படிச் சிரித்துப் பேச முடியவில்லை. தோல் கிடங்கில் வேலை முடிந்த பிறகு வருஷம் முழுக்கத் தென்னைநாரும் சாம்பலும் தோல் சீவலும் தலையில் சுமந்து கொட்டி, மனைவி பேராச்சிக்காகத்தான் அவன் அந்த இடத்தை நிலமாக்கினான். சாளி என்கிற ஒண்டுக்குடித்தனக் கட்டடத்தில் மூன்று குடும்பத்தோடு ஒரே அறையில் ஒண்டியிருந்தபோது அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: நமக்கென்று ஒரு வீடு இல்லையென்றால், பேறுகாலத்துக்கு ஊருக்குப் போகிறவள் திரும்பி வரமாட்டேன். இப்போது அடுப்படியிலேயே நாரை. "கொக்கு மேயுத குளத்துல எவ புள்ள பெப்பா?" என்று டிரங்குப் பெட்டியை அடுக்கிவிட்டாள். மறுநாள் ரயில். இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று மாதுங்காவிலிருந்து பஞ்சாபகேசன் என்ற ஆபீஸ்காரர் பைனாகுலரும் மனைவியுமாக வந்து, செருப்பைக் கழற்றி, வேட்டியை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, "நனையாம ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடறோம்" என்றார்.

அவர்கள் போனதும் நம்பிராஜன் கம்பை எடுத்தான். பரண்மேல் ஒரு நாரை மட்டும் பறந்துபோகாமல் தங்கிக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. தகரக்கூரை கொதித்தது. தாய்ப்பறவை இரண்டு இறக்கையையும் விரித்து, வாய் பிளந்து மூச்சு வாங்கியபடி, குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நின்றது. கம்பை ஓங்கியும் அசையவில்லை. பேராச்சி வயிற்றில் கைவைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"இந்தாரும், கம்பக் கீழ போடும். புள்ளைகள விட்டுட்டு அது எங்க போவும்?"

"ஒனக்கு நாளைக்கு ரயிலுல்லா?"

"எனக்கு மட்டும் வேற வீடு இருக்காக்கும்?" என்று பெட்டியைப் பிரித்தாள். நம்பிராஜன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். சந்தோஷத்தில்தான்.

ஐப்பசி அமாவாசையன்று அந்த வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. கட்டிலில் தாய், கீழே பழஞ்சேலை விரிப்பில் மகள். அன்று சாயங்காலம் கழியில் பெரிய நீரேற்றம். நாரைகளோடு சிறகி வாத்துகளும் வந்து, தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்தபடி அடுப்பைச் சுற்றின. அரைத்தூக்கத்தில் பேராச்சி கண் திறந்தாள்.

"தண்ணி ஏறுது. புள்ளையத் தூக்கும்."

நம்பிராஜன் தரையைத் தொட்டுப் பார்க்கவில்லை. மகளை வாரி எடுத்து மார்புக்கு மேலே ஏந்திக்கொண்டு, தண்ணீர் வடிகிறவரை நாரைகளுக்கு நடுவில் நின்றான்.