ஒன்பதாவது தள்ளு

குடைக்காரர் அந்தப் பழைய சரக்கு விமானத்தில் நாற்பத்தோரு தடவை ஏறியிருக்கிறார். ஒரு தடவைகூட அதோடு தரையிறங்கியதில்லை. பாராசூட் படையில் இருந்தவருக்கு நடுவானில் குதிப்பதுதானே பிழைப்பு; குடைக்காரர் என்ற பெயரும் அதனால் வந்ததுதான். மற்ற விமானங்களில் இறங்கியதெல்லாம் அவர் கணக்கில் வராது. "என் வீட்டுக்காரருக்கு ஏறத்தான் தெரியும், இறங்கத் தெரியாது" என்று மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரித்து வைப்பார். ஆனால் சக்கரம் தரையைத் தொடும் குலுக்கலை ஒருமுறை அதற்குள் உட்கார்ந்து அனுபவிக்கும் ஆசை அறுபத்தேழு வயதிலும் விடவில்லை.

ஓய்வு பெற்ற விமானம் இன்று காட்சியகத்துக்குப் போகிறது. இருபது நிமிடப் பயணம், அதுதான் கடைசி. அதன் மெக்கானிக் மனைவியின் தம்பி. விமானியின் கையைக் காலைப் பிடித்து அத்தானுக்கு ஓர் இடம் வாங்கியிருந்தார். வழியனுப்ப மனைவியும் வந்திருந்தாள்.

பிஸ்டன் எஞ்சின் சும்மா நின்றால் எண்ணெய் கீழ்ச் சிலிண்டரில் இறங்கித் தேங்கும். அதனால் கிளப்புமுன் எஞ்சின் முகப்பிலுள்ள விசிறியைக் கையால் பன்னிரண்டு தள்ளு தள்ளிப் பார்க்க வேண்டும். எங்காவது சுழலாமல் இறுகிப் பிடித்தால் கிளப்பவே கூடாது. மைத்துனருக்குத் தோள்வலி. அவர் எண்ண, குடைக்காரர் தள்ளினார்.

ஒன்பதாவது தள்ளில் விசிறி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் போலவும் இருந்தது. தள்ளிய கைக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

"என்ன அத்தான், பிடிக்குதா?"

'இல்லை' நுனிநாக்குவரை வந்துவிட்டது. மேலே ஜன்னலில் விமானி அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். குடைக்காரருக்கு எஞ்சின்மேல் கோபம் வந்தது, அதைவிடத் தன் கைமேல்.

"பிடிக்குது."

மைத்துனர் கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினார். உள்ளங்கையில் ஏந்திய எண்ணெயில் இரும்புத் தூள் மின்னியது.

"கிளப்பியிருந்தா நடுவானத்துல நின்னுருக்கும் அத்தான். இனி இது லாரியிலதான் போகும்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. குடைக்காரர் யாரையும் கேட்காமல் உள்ளே ஏறி, வழக்கமாகக் குதிக்கும் கதவோரம் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். அழுகை வந்தது, அழுதார். பிறகு பெல்ட்டைக் கழற்றி, முழங்கால் வலியோடு, கம்பியைப் பிடித்து ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கீழே மனைவி நின்றிருந்தாள். பழைய கேலி அவள் வாயில் வரவில்லை. தம்பி சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"பாத்து இறங்குங்க" என்று கையை நீட்டினாள்.

பிடித்துக்கொண்டார்.

"இறங்கிட்டேன்" என்றார்.