வெங்கடாசலம் சோடா, திண்டிவனம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. புதுச்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் கோலி சோடா பாட்டில் ஒன்றைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அதன் உடம்பில் ஏதோ வெளிநாட்டு ஊரின் பெயர். விலையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதையெல்லாம் திண்டிவனத்தில் குடித்துவிட்டு மரப்பெட்டியில் போட்டுவிட்டு வருவோம் என்றேன். உங்கள் ஊர்ப் பெயர் போட்டது இருந்தால் கொண்டுவாருங்கள், இதைவிட நல்ல விலை தருகிறேன் என்றார் கடைக்காரர். என்னிடம் இல்லை. இல்லாத குறைக்கு ஒன்றை எழுதிவிடுவது என்று பஸ் ஏறினேன்.

2

முதல் தொடக்கம்: "1961, பங்குனி வெயில் விழுப்புரம் ஜங்ஷனில்..." வேண்டாம். வெயிலில் தொடங்கினால் என் கதைகளில் யாராவது செத்துப்போகிறார்கள்.

இரண்டாவது: "கண்ணாடி என்பது மணலும் நெருப்பும் சேர்ந்து..." இதை வேறு யாராவது எழுதியிருந்தால் புத்தகத்தை மூடியிருப்பேன்.

மூன்றாவது, நேராக. திண்டிவனத்தில் வெங்கடாசலம் சோடா கம்பெனி என்று ஒன்று இருந்தது. (இருந்ததில்லை. இந்த வரியிலிருந்து இருந்தது.) பாட்டிலின் கண்ணாடியிலேயே பெயரும் ஊரும் புடைத்துக்கொண்டு நிற்கும். வெங்கடாசலம் படுக்கையில் விழுந்தபோது கடைகளுக்குப் போன பாட்டில்கள் திரும்பவில்லை. அவர் காலமான பிறகு மிஞ்சியது கேஸ் அடிக்கும் மெஷினும், அதை ஓட்டத் தெரிந்த மகள் கிருஷ்ணவேணியும். பாட்டில் இல்லாத மெஷின் எதற்கு என்று அண்ணன் சீனுவாசன் பழைய இரும்புக்காரனைப் பார்த்துவிட்டார். சித்திரைத் திருவிழாவுக்குள் சோடா போட்டுக் காட்டு, இல்லாவிட்டால் மெஷினைத் தூக்கிவிடுவேன் என்று தங்கைக்குக் கெடு வைத்தார்.

3

பாட்டில்கள் விழுப்புரத்தில் இருந்தன, கடைகளிலிருந்து அவற்றை விலைக்கு வாங்கிப்போட்ட மொய்தீன் பிச்சையின் கிடங்கில். கோட்டக்குப்பத்துக்காரர். வெள்ளைக்காரக் குடும்பங்கள் புதுச்சேரியை விட்டுக் கப்பல் ஏறியபோது போட்டுப்போன சென்ட் பாட்டில், மருந்து ஜாடி என்று வாங்கி, அருமை தெரிந்தவர்களுக்கு விற்றுப் பழகியவர். தடவிப் பார்த்தே வயது சொல்வார்.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் போட்ட பாட்டிலில் இன்னொருவன் சோடா அடிக்க மாட்டான். கேஸ் தாங்குகிற பாட்டிலைப் பெயருக்குரியவர் வந்து கேட்டால் வாங்கின விலைக்கே கொடுத்துவிட வேண்டும். தாங்காதது வெறும் கண்ணாடி, வைத்திருப்பவர் இஷ்டம். (இந்த வழக்கம் உண்மையா என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். நான் உண்டாக்கியது. உண்டாக்கிவிட்டு நானே அதற்குக் கட்டுப்பட்டு முழிக்கிறேன்.)

கிருஷ்ணவேணி போய்க் கேட்டதும் புதிய பாட்டில்களை மொய்தீன் பிச்சை பேச்சே இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் கம்பெனி தொடங்கிய காலத்தில் கப்பலில் வந்த பழைய பாட்டில்களை வைக்கோலில் தனியாகச் சுற்றி வைத்திருந்தார். அவையும் சேர்ந்தால்தான் கடைகளுக்குச் சரக்குப் போட முடியும். அவர் தரமாட்டேன் என்றார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கடல் தண்ணீரின் நிறம், உள்ளே கடுகு கடுகாகக் காற்றுக்குமிழ்.

"இந்த அச்சுக் கோடு கழுத்தோட நின்னுடுச்சி பாரும்மா. வாய மட்டும் தனியா கையால வச்சிருக்கான். இத அலமாரில வச்சிப் பாக்கணும். கேஸெல்லாம் தாங்காது."

"தாங்கும் பாய். எங்கப்பா தாங்காத பாட்டில் வாங்க மாட்டாரு."

ஒன்றே ஒன்றை மெஷினில் போட்டுப் பார்க்கலாம் என்றாள். நின்றால் பழையது மொத்தமும் அவளுக்கு. வெடித்தால் மீதி மொத்தமும் அவருக்கு. எந்தப் பாட்டில் என்பதை அவரே எடுக்கட்டும்.

4

இங்கே ஒரு வாரம் நின்றுவிட்டேன். மொய்தீன் பிச்சை கெட்டிக்காரர். அடியில் விரிசல் விட்டது ஒன்று அவர் காலடியிலேயே கிடந்தது. அதைக் கொடுத்தால் வெடிக்கும், மற்றதெல்லாம் மிஞ்சும். அப்படித்தான் எழுதினேன்: "பாய் குனிந்து, விரிசல் விட்ட பாட்டிலைச் சத்தமில்லாமல்..."

அவர் கை அங்கே போகவில்லை. எத்தனை தரம் எழுதினாலும் போகவில்லை. அவ்வளவிலும் அழகான ஒன்றை, எவனுக்கும் விற்க மனமில்லாமல் அடியில் வைத்திருந்ததை எடுத்தார். விரிசல் சரக்கைக் கொடுத்துப் பந்தயம் ஜெயித்தான் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு அவரே பஸ் ஏறினார்.*

* என் மனைவி அம்சா இதுவரை படித்துவிட்டு, பாய் ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்று கேட்டாள். நல்லவர் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. கர்வம் பிடித்தவர். கிருஷ்ணவேணிக்கும் அது குறைவில்லை. இவர்கள் இரண்டு பேரும் எங்கள் ஜில்லாக்காரர்கள் என்பதில் எனக்கு வெட்கமில்லாத பெருமை.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ) வெடிக்கிறது. சீனுவாசன் மெஷினை விற்கிறார். படித்தவர்கள் பாராட்டுவார்கள்.

ஆ) நிற்கிறது. கிருஷ்ணவேணி சோடா போடுகிறாள். பாய் தன் கிடங்கின் நல்ல சரக்கையெல்லாம் வாங்கின விலைக்குக் கொடுத்துவிட்டு வெறும் துண்டோடு பஸ் ஏறுகிறார். எனக்கு அழுகை வந்து கிழித்துவிட்டேன்.

இ) கடைசி நிமிஷத்தில் பாய், பரவாயில்லை எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொள் என்கிறார். இதைக் கிருஷ்ணவேணியிடம் சொல்லிப் பாருங்கள். தானமா என்று கேட்டு உங்களை வாசலோடு அனுப்பிவிடுவாள். எனக்கும் அந்தத் தைரியம் இல்லை.

6

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். பாட்டிலை இரும்புக் கூண்டில் மாட்டி, சாக்கால் மூடினாள். சீனுவாசன் தெருவுக்கே போய்விட்டார். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற உள்ளே கேஸ் ஏறும் இரைச்சல். தள்ளி நில்லுங்கள் என்று பாயிடம் சொன்னாள். அவர் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார். முகத்தில் வேர்வை. பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கைப்பிடியைப் பிடித்தபடி கிருஷ்ணவேணி நிறுத்தினாள்.

"இன்னும் ஒரு சுத்துதான் பாய். வேணாம்னா இப்பவே சொல்லுங்க, எறக்கிக் குடுத்துடறேன். எடுத்துக்கினு போங்க. பழசு மொத்தமும் உங்களுதுதான்."

அவர் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலமாரில வச்சிக்கினு, இது தாங்குமா தாங்காதான்னு சாவுற வரைக்கும் பாத்துக்கினு இருக்கச் சொல்றியா? சுத்தும்மா."

சுற்றினாள்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன், அதனால் அடுத்த வரி என்னிடம் இல்லை. நீங்கள் பொத்திக்கொள்ளவில்லை. என்ன கேட்டது என்று அவர்கள் இருவரிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சொல்லும்போது யாருக்கும் ஆறுதல் மட்டும் சொல்லிவிடாதீர்கள், இருவருக்குமே பிடிக்காது.