ஏழு மணித் தண்ணீர்

ஐம்பத்து மூன்று மணி நேரமாக அந்தச் சீட்டு என் பையில் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அளந்தது. இன்று ஞாயிறு, மாலை ஏழு மணி ஆகப்போகிறது.

எங்கள் சமுதாய வானொலியில் தினமும் ஏழு மணிக்கு ஆம்பூரின் ஏதாவது ஒரு தெருத் தண்ணீரின் உப்பு அளவைப் படிப்போம். அரை நிமிடம்தான். ஐநூறுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர், இரண்டாயிரத்தைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. வேதியியல் படித்த நான் அளந்து எழுதுவேன். நிலையத்தை நடத்தும் ஆரோக்கியமேரி அக்கா படிப்பார். மைக் முன்னால் எனக்குப் பேச வராது. நான்கு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. எங்கள் பனைமேட்டுத் தெருக் கிணறு இரண்டாயிரத்து நூறு என்று அக்கா படித்த மறுநாளே அதை மூடிவிட்டார்கள்.

அதன்பிறகு ஒரு தோல் கம்பெனி முதலாளி எங்கள் தெருவுக்கு இலவசமாக லாரித் தண்ணீர் அனுப்புகிறார். என் அம்மி ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காக துஆ கேட்பாள். நிலையத்துக்குப் பணம் சேர்க்க இன்று நாங்கள் காட்டும் சினிமாவுக்கு மைதானம் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் டிரான்ஸ்மிட்டர் இடியில் எரிந்துவிட்டது. இப்போது இருப்பது இரவல், மாதக் கடைசியில் திருப்பித் தர வேண்டும். இன்று வசூலாகாவிட்டால் நிலையம் இல்லை.

ஷூ யூனிட் பெண்கள் லைனிங் துணியை ஒட்டுத் தைத்துக் கொடுத்த திரை காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. கார்கள், ஷேர் ஆட்டோக்கள், நாலைந்து குட்டி யானை வேன்கள். படத்தின் சத்தம் எங்கள் அலைவரிசையில்தான் வரும் என்பதால் எல்லா வண்டியிலும் எங்கள் ரேடியோ. முன்வரிசையில் முதலாளியின் கார்.

"லாரித் தண்ணியவா அளந்த?" என்றார் அக்கா, மெதுவாக.

இரண்டு நாளும் வேறு தெருவின் அளவைக் கொடுத்துவிட்டுப் பையிலேயே வைத்திருந்த சீட்டை நீட்டினேன்.

"காட்டாத. பாத்துட்டேன்னா என்னால படிக்காம இருக்க முடியாது. கிரவுண்ட் குடுக்கும்போது அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். இன்னிக்குத் தண்ணி படிக்கக் கூடாது. ஒரு நாள்தான மெஹக்."

டிக்கெட் கிழிக்க வாசலுக்குப் போய்விட்டார். லேப்டாப்பும் மைக்கும் நானும் மட்டும்.

பால்கார கன்னியப்பன் காலி கேன்களோடு மொபெட்டை என் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஹேண்டில்பாரில் சின்ன ரேடியோ.

"இன்னா பாப்பா, தண்ணி படிக்கலியா?"

"இன்னிக்கு இல்லண்ணா."

"உங்க தெருவுல பதினோரு வீடு பால நிறுத்திட்டாங்க. டீ போட்டா திரியுதாம். நான் இன்னாமோ கலக்குறனாம். உங்க அம்மியும் கேட்டாங்க, பரவால்ல." சிரித்தார். "தண்ணி ஊத்துறேன்னா ஒத்துக்கலாம், பால்காரன் இல்லியா. திரியுதுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

எங்கள் வீட்டு டீயும் பத்து நாளாகத் திரிகிறது. அம்மி அவரைத் திட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அளந்து முடித்த பிறகும் திட்டினாள். அப்போதும் நின்றிருந்தேன்.

லேப்டாப்பில் ஏழு ஆனது. படத்தை ஓட்ட வேண்டிய விரல் மைக் பொத்தானை அழுத்தியது.

நாற்பது வண்டிகளிலிருந்து முதலில் என் மூச்சு வந்தது. முதலாளியின் காருக்குள் விளக்கு எரிந்தது. வாசலிலிருந்து அக்கா ஓடிவந்தார். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில், நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டார்.

"வணக்கம். ஏழு மணித் தண்ணி. படிக்கிறது மெஹக்." குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டேன். "பனைமேட்டுத் தெரு. கன்னியப்பன் அண்ணன் பால்ல ஒரு குறையும் இல்ல. இது லாரித் தண்ணி. வெள்ளிக்கிழமை எடுத்தது. மூணு தடவ அளந்தேன், மூணு தடவையும் ஒரே நம்பர்."

சீட்டைப் பிரிக்கவில்லை. அது தேவைப்படவில்லை.

"ரெண்டாயிரத்து எழுநூத்தி நாப்பது."