கொம்பனி ரேடியோவில் பூட்டிய தட்டுப்பெட்டி

1992ஆம் ஆண்டு ஆவணி மாதம் யாழ்ப்பாணத்து மருதனார்மடச் சந்தியில் நின்ற வெள்ளை ஹயஸ் வானின் ரேடியோ ஒரு பப்படத்தைப் பாடியது. பொரிக்காத பப்படம். அன்று சந்தையில் வெங்காயம் மலிந்திருந்தது, மண்ணெண்ணெய் கிடையாது. முதலில் மாப் பிசைகிற சத்தம் வந்தது. பிறகு இரண்டு பெண்கள் யாரோ ஒருத்தியின் மருமகளைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு வெயில். வெயிலுக்கும் ஒரு சத்தம் உண்டு என்பதைக் கேட்டு நின்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். முடிந்ததும் கூட்டம் கலைந்து வெங்காயம் வாங்கப் போனது.

வான் சோமசேகரத்தினுடையது. கம்பஸில் பௌதிகம் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் தகப்பனின் வானை ஓட்டியவன். அவன் மனைவி மகாதேவி முந்திய வருடம் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் செத்துப்போனாள். அவன் அழவில்லை. எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று செத்தவீட்டுச் சடங்கெல்லாம் முறையாகச் செய்தான், சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான். சில மாதம் கழித்து ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டு நின்றபோது, அவளுடைய குரல் தனக்கு மறந்துபோனது தெரிந்தது. முகம் இருந்தது. நடை இருந்தது. எதற்கு என்ன சொல்வாள் என்பதும் தெரிந்தது. அதை எந்தக் குரலில் சொல்வாள் என்பது மட்டும் இல்லை. கலியாண வீடியோவில் பேச்சையெல்லாம் அழித்துச் சினிமாப் பாட்டு ஏற்றியிருந்தார்கள். ரேப் ரெக்கோடரில் அவள் குரலைப் பிடித்துவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள் நடமாடுகிற ஆளை யார் பதிந்து வைப்பார்கள்? அந்தக் குரலைத் திரும்பக் கேட்கவேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு அப்போது வேறு விருப்பம் இருக்கவில்லை.

ரேடியோவைப் பாடவைத்த தட்டுப்பெட்டி அவளுக்கென்று வந்தது. ஆறு சீடியை ஒரே தரத்தில் விழுங்கி ஒன்று மாறி ஒன்றாகப் பாடும் சேஞ்சரைக் கனடாவில் இருந்த அவளுடைய தமையன், தங்கச்சி வானில் பாட்டுக் கேட்கட்டும் என்று அனுப்பியிருந்தான். அது கொழும்பில் ஒரு வீட்டிலும் வவுனியாவில் ஒரு வீட்டிலும் கிடந்து, தையல் மெசின் சாமான் என்ற பெயரில் கிளாலிக் கடலைத் தாண்டி வந்தபோது அவள் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கூட வந்த ஆறு சீடியும் வள்ளம் சரிந்தபோது தண்ணீருக்குள் போய்விட்டன. அவை கீழே மின்னிக்கொண்டு நெடுநேரம் போனதாகக் கொண்டுவந்த மனிசி சொன்னாள். யாழ்ப்பாணத்தில் அப்போது வேறு சீடி இருந்ததாகத் தெரியவில்லை.

பூட்டியவர் சந்திக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த சிமியோன்.

"உந்தப் பழசைக் கழட்டி எறியும் தம்பி. இந்தப் பெட்டியைக் கொழுவ அதிலை சொக்கற் இல்லை."

"வானோடை வந்த கொம்பனி ரேடியோவிலை கை வைக்கவேண்டாம் அண்ணை."

"ஏன், தங்கத்திலையே செய்தது?"

சிமியோன் குனிந்து பார்த்தார். ஐந்து பொத்தானில் மூன்றாவதில் மட்டும் எழுத்து தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. அது மகாதேவி அமத்துகிற பொத்தான். அவர் பழசை விட்டுவிட்டுப் பார்சலைக் கிளறினார். பார்சலுக்குள் தீப்பெட்டி அளவில் இன்னொரு பெட்டி இருந்தது. ஏரியல் வயரை வெட்டி அதை நடுவில் பூட்டினார். சேஞ்சர் பின் சீற்றுக்கு அடியில் படுத்திருந்து பாடும், ரேடியோ தான் ஏதோ ஒரு நிலையத்தைக் கேட்பதாக நம்பிக்கொண்டிருக்கும். ஜப்பான் ரேடியோ, எண்கள் தொண்ணூறோடு முடிந்துவிடும். தொண்ணூறுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த நிலையம் வந்தது. தட்டு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க, பெட்டி வந்த அட்டையில் சீடி அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டுத் தள்ளினார். அட்டை பாடியது. ஒரு தொழிற்சாலைச் சங்கு, கப்பல் இயந்திரம், கடைசியில் கிளாலிக் கடல். சிமியோன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, வயரிங் சரி என்றார்.

விதி விரைவில் பிடிபட்டது. சீடி அளவு வட்டம், தடிப்பு இல்லாமல், நடுவில் ஓட்டை. அப்படி எதைக் கொடுத்தாலும் அது இருந்த இடத்தில் கேட்டதைப் பெட்டி பாடும். ஓலை விசிறியில் வெட்டிய வட்டம் காற்றையும் அணிலையும் பாடியது. தோசை போட்டவரைச் சிமியோன் அடிக்கப் போனார், ஏனென்றால் அதைச் சுரண்டி எடுக்க ஒரு பகல் போனது. ஆஞ்சநேயர் கோயில் வடையைக் கொண்டுவந்தவரிடம் "இது ரேடியோ ஐசே, வயிறு இல்லை" என்றார். பெற்றோலுக்குத் தடை இருந்து, வானின் பற்றறியை ஏற்ற எஞ்சினை ஓடவிட வழியில்லாதபடியால் இரண்டு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, இரண்டு டைனமோவையும் தொடுத்து, கையால் பெடல் சுற்றினார்கள். கேட்க விரும்பியவர் சுற்றவேண்டும், அதுதான் கட்டணம். மகன் வெளிநாட்டில் உள்ள தாய்மார் அவன் படித்த கொப்பியின் மட்டையை வெட்டிக் கொண்டுவந்து, வேர்க்க வேர்க்கச் சுற்றிவிட்டு, அவன் வாய்ப்பாடு பாடமாக்குவதைக் கேட்டுப் போனார்கள்.

சோமசேகரம் மகாதேவியின் சாமான்களில் நல்லவற்றிலிருந்து தொடங்கினான். கூறைச் சேலை அவளோடு சுடலைக்குப் போய்விட்டது. மிஞ்சியது கலியாணத்துக்கு நாலாம் நாள் உடுத்த நாலாஞ்சடங்குச் சேலை. அது அவளுடைய தாய் நல்லம்மாவின் அலுமாரியில் இருந்தது. நல்லம்மா மகளுக்குப் பிறகு மருமகனோடேயே இருந்து அவனுக்குச் சமைத்துப் போட்டாள்.

"ஒரு வட்டம்தான் மாமி. முந்தானை பழுதாகாது."

"என்ன தம்பி விசர்க்கதை கதைக்கிறியள்? பட்டிலை கத்திரிக்கோல் வைக்கிறதோ?"

"அவவின்ரை குரல் எனக்கு நினைவில்லை."

நல்லம்மா அலுமாரித் திறப்பை எடுத்துக் கொடுத்தாள், வெட்டும்போது மட்டும் வெளியே போய் நின்றாள். அன்று இருவரும் பெடலை மாறி மாறிச் சுற்றினார்கள். சேலை நன்றாகப் பாடியது. நாதஸ்வரம், பலகாரத் தட்டு, தலையை நிமிர்த்தச் சொல்லுகிற படக்காரன், மச்சாள்மாரின் சிரிப்பு, கனடாத் தமையனின் தும்மல் கூட இருந்தது. மகாதேவி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பின்னால் நீளத்துக்கு அலுமாரி, பூச்சி உருண்டை கரைகிற சத்தம். நல்லம்மா பெடலில் இருந்து கையை எடுத்தாள். "பொம்பிளை அண்டைக்கு வாய் திறக்கப்படாது எண்டு நான்தான் சொல்லிவிட்டனான்" என்றாள். மகாதேவி சொல்வழி கேட்கிற பிள்ளை.

அவளுடைய சான்றிதழை வெட்டினான். அது பரீட்சைத் திணைக்களத்தின் மின்விசிறியைப் பாடியது. அல்பத்தின் மட்டையை வெட்டினான். ஸ்ரூடியோக்காரர் தொலைபேசியில் யாரையோ ஏசினார். தலையணை உறை மூச்சைப் பாடியது, அது அவளுடைய மூச்சுத்தான். அதைச் சில மாதம் கேட்டான், ஆனால் மூச்சில் குரல் இல்லை. வருடம் 93 போய், 94 போனது. போகப் போக வெட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. "காணும் தம்பி, இனி அவளின்ரை ஒண்டையும் வெட்டாதேங்கோ" என்று நல்லம்மா சொன்னாள். அவன் ஓம் என்றான்.

95 ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒன்றாக எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. மழை பெய்தது. வானுக்குப் பெற்றோல் சில துளி விட்டு உயிர் கொடுத்து, மண்ணெண்ணெயில் ஓட்டினான், அது நின்ற இடங்களில் சனம் தள்ளிக் கொடுத்தது. நல்லம்மா நகைப் பெட்டியை மறந்துவிட்டுக் குசினிச் சாமானை ஏற்றியிருந்தாள். கொடிகாமத்தில் பஞ்சலிங்கம் என்பவருடைய தென்னங்காணியில் இடம் கிடைத்தது. அவர் ஒரு கிடுகுக் கொட்டிலைக் காட்டி, தேங்காய் விழும், தலையைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்றார்.

மறுநாள் காலை மழை விட்டது. நல்லம்மா அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றி, சீனி ரின்னை அவன் பக்கம் தள்ளினாள். அவன் மூடியை எடுத்தான். அது ரின்னோடு வந்த மூடி அல்ல. அந்த மூடியைக் கலியாணம் முடித்த புதிதில் அவன் தொலைத்துவிட்டான். இரண்டு நாள் ஏசிவிட்டு, மகாதேவி பிஸ்கற் ரின் தகட்டில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, நூற்கட்டை ஒன்றைப் பிடியாகப் பூட்டியிருந்தாள். பாலத்து நெரிசலில் நூற்கட்டை கழன்று விழுந்துபோயிருந்தது. அவன் கையில் இருந்தது ஒரு தட்டைத் தகடு. சீடி அளவு, தடிப்பு இல்லை, நடுவில் ஓட்டை. அவள் போன இந்த நாலு வருடமும் தினமும் இரண்டு வேளை அதை எடுத்து எடுத்து வைத்திருக்கிறான்.

"மாமி, சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கோ" என்றான்.

தொண்ணூறுக்குக் கொஞ்சம் முன்னால் முள்ளைக் கொண்டுபோனான். கரகரத்தது. பிறகு ஒரு கரண்டி விழுந்தது. பிறகு மகாதேவி, கொஞ்சம் மூக்கால், கடைசிச் சொல்லை இழுத்து:

"இஞ்சாருங்கோ, திரும்பவும் திறந்தபடி. பாருங்கோ எறும்பை, ஊர்வலம் போகுது. கம்பஸிலை என்னத்தைத்தான் படிப்பிச்சவங்களோ, ஒரு ரின்னை மூடத் தெரியாது."

நல்லம்மா சிரித்தாள். மகள் செத்த பிறகு அவள் சிரித்ததை அவன் கேட்டதில்லை. அவன் பெடலைச் சுற்றிக்கொண்டே அழுதான், ஆனால் வேகம் குறையாமல் சுற்றினான், குறைந்தால் குரல் நீளும். தகடு அவள் இருந்த மூன்று வருடக் குசினி முழுவதையும் கேட்டிருந்தது. அவள் பூனையோடு வாதாடினாள், பாட்டின் இரண்டாம் அடியை எப்போதும் பிழையாகப் பாடினாள், அம்மா பொல்லாத மனிசி என்று யாருக்கோ சொன்னாள். "ஓமடி, பொல்லாதவள்தான்" என்று நல்லம்மா வானுக்குள் எட்டிப் பதில் சொன்னாள்.

அந்த மாரி முழுவதும் பின்னேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டார்கள். பஞ்சலிங்கம் பெடல் சுற்றத் தனக்கும் ஒரு முறை கேட்டார். இடம்பெயர்ந்து வந்த சனம் கொண்டுவந்த கதவுத் தகடுகளையும் சுளகுத் துண்டுகளையும் வெட்டிக்கொண்டு வரிசையில் நின்று தங்கள் வீட்டைக் கேட்டுப் போனது. மகாதேவியின் தகடு காய்ச்சல் வந்த கிழமையை நெருங்கியதும் சோமசேகரம் நிறுத்தி, கரண்டி விழுகிற இடத்துக்குக் கொண்டுபோனான்.

தகடு பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டதால் சீனி ரின்னுக்கு மூடி இல்லாமல் போனது. சீனி அருமையான காலம். எறும்பு வந்தது. நல்லம்மா ரின்னைத் தண்ணீர்த் தட்டில் வைத்துப் பார்த்தாள், எறும்பு பாலம் கட்டி வந்தது. பிறகு விட்டுவிட்டாள். இருவரும் எறும்பை ஊதி ஊதித் தேத்தண்ணி குடித்தார்கள்.