பின்னால் போன முன்சக்கரம்

மேஸ்திரி எனக்குத் தரவேண்டியது இருபத்தேழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். ஏழு மாதம் குவாரியில் கல் சுமந்த கூலியில் நின்ற பாக்கி. கேட்டுக் கேட்டு என் நாக்குத்தான் தேய்ந்தது. கடைசியில் கொட்டகையில் தூசி மூடிக் கிடந்த ஜீப்பைக் காட்டினார். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. முன்சக்கரம் இரண்டுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி, அந்த டிஃபரன்ஷியல், உள்ளே பல் உடைந்து செத்துக் கிடந்தது.

"சனிக்கிழமை நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரன் லாரியோட வரான். அதுக்குள்ள இது குவாரி மேட்டுல ஏறிட்டா வண்டி உனக்கு, பாக்கி தீந்துது. ஏறலைன்னா இரும்பு விலையில ஆறாயிரம் தரேன். அதோட ஆளை விடு."

வண்டி கிடைத்தால் கல்லைத் தோளில் ஏற்றாமல் வண்டியில் ஏற்றலாம். என் முதுகு உடனே சரி என்றுவிட்டது. வாய்தான் கொஞ்சம் தாமதித்தது.

என் பெண்டாட்டியின் தம்பி லாரிப் பட்டறைக்காரன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மாமா, அவரு உங்க தலைப்பாரத்தை இறக்கல, இன்னொண்ணு ஏத்தியிருக்காரு" என்றான். சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினான்.

சக்கரங்களைக் கழற்றினோம். இருபக்கத்து அச்சுத்தண்டையும் உருவினோம். கறுத்த ஆயிலோடு பல் துண்டுகள் சட்டியில் விழுந்தன. என் பெண்டாட்டி துணி தைத்துச் சேர்த்த காசில், உடைந்த வண்டி ஒன்றிலிருந்து நல்ல பெட்டி வாங்கி வந்தோம். மல்லாந்து படுத்து அந்தக் கனத்தை நான் நெஞ்சில் தாங்க, மச்சான் எட்டு நட்டையும் முடுக்கினான்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி. மச்சான் முன்சக்கரத்துக்கான கியரைப் போட்டு மிதித்தான். வண்டி உறுமியது, நடுங்கியது. ஒரு சாண்கூட நகரவில்லை!

கூட வேலை செய்கிறவர்கள் கூடிவிட்டார்கள். "எருமை சேத்துல நிக்குதுப்பா!"

"கியர் விழல மாமா."

"விழுந்திருக்குடா. கல்லைப் பாரு!"

பின்சக்கரம் சரளைக் கல்லைப் பின்னால் எறிந்தது. முன்சக்கரமோ எதிரே நின்ற மேஸ்திரியின் காலடியில் எறிந்தது. ஒரே வண்டி, பின்பாதி முன்னால் போகப் பார்க்கிறது, முன்பாதி பின்னால் போகப் பார்க்கிறது!

மச்சான் குதித்து இறங்கினான். கீழே குனிந்து பார்த்தவன் தலையில் கை வைத்தான். "தலைகீழா மாட்டிட்டோம் மாமா! எப்படித் திருப்பினாலும் எட்டுத் துளையும் பொருந்துது. தலைகீழா வெச்சா சக்கரம் எதிர்ப்பக்கம்தான் சுத்தும்!"

"அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்கா?"

"பெட்டி தங்கம். நாமதான் தகரம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, காலும் பரபரத்தது. மூன்று மணி நேரம் இருக்கிறது! சிரித்தவர்களே ஓடிவந்தார்கள். ஒருவன் ஜாக்கி போட்டான், இருவர் சக்கரம் கழற்றினார்கள். தண்டுகளை உருவி, ஆயிலை வடித்து, பெட்டியைப் புரட்டி, மறுபடி என் நெஞ்சில் ஏற்றினோம். இந்த முறை அது கனக்கவே இல்லை.

மூன்றே முக்காலுக்கு இரும்புக்காரன் லாரி வந்து நின்றது. மச்சான் சாவியைத் திருப்பப் போனான்.

"நில்லுடா!" என் பெண்டாட்டி ஆயில் டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "இது என்ன, அழகு பாக்கவா வாங்கினேன்? உள்ள சொட்டு ஆயில் இல்லாம எங்க கிளம்புற?"

ஊற்றினோம். நான் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மேட்டின் அடியில் பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியது. உடனே முன்சக்கரம் கல்லைக் கவ்வி இழுத்தது. இழுத்ததை உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தேன். ஏறுகிறது! கீழே ஊளையும் விசிலும். இரும்புக்காரன்கூடக் கை தட்டினான்.

இறங்கி வந்தபோது மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து சின்னக் கணக்கு நோட்டை எடுத்தார். பேனா எழுதவில்லை. உதறினார், ஊதினார். மச்சான் தன் பேனாவை நீட்டினான்.

"அவசரம் பாரு" என்று முனகிக்கொண்டே என் பெயருக்கு நேரே இருந்த இருபத்தேழாயிரத்து நானூற்று ஐம்பதைக் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தார்.