நடு அச்சு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை போகும், புத்தி பிறகுதான் வரும். கண்டியில் இருபது வருடம் தண்ணீர்க் குழாய் பிட்டராக வேலை பார்த்தும் அது மாறவில்லை.

குண்டசாலை நளீர் ஹாஜியார் தன் தோட்டத்தில் நாற்பத்தைந்து மில்லிமீற்றர் அகலத்துக்குக் குட்டித் தண்டவாளம் போட்டிருந்தார். வாங்கிவந்த மூன்று குட்டி நீராவி எஞ்சினும் முப்பத்திரண்டு மில்லிமீற்றர் தண்டவாளத்துக்கானவை. சில்லுகளைக் கழற்றி நீளமான அச்சில் ஏற்றித் தரும்படி என்னிடம் கொடுத்தார். என் தங்கை சீதாவின் புருஷன் ராஜலிங்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். அவன் கைக்கடிகாரம் திருத்துகிறவன். மயிரிழை பிசகினாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இரண்டு எஞ்சின்கள் சரியாக வந்தன. மூன்றாவதன் நடு அச்சில் நான் சில்லை அடித்து ஏற்றியதும் ராஜலிங்கம் குனிந்து பார்த்தான்.

"மச்சான், தண்டு மாட்டுற இடது சில்லு முளையும் வலது சில்லு முளையும் சரியா கால்வட்டம் தள்ளி நிக்கணும். இது கொஞ்சம் கூடப் போயிருச்சு. மத்த ரெண்டு அச்சோட மல்லுக்கட்டும். கழட்டிருவோம்."

"எனக்கே படிச்சுக் குடுக்கிறியா?"

அளவு பார்க்கக் கையில் வைத்திருந்த வெர்னியரை அவன்மேல் வீசினேன். காதோரம் கிழிந்து இரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு, அந்த அச்சை அப்படியே விட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் கோபமாகத்தான் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஹாஜியார் குடும்பமே தோட்டத்தில் கூடியிருந்தது. இரண்டு எஞ்சின்களும் ஜோராக ஓடின. மூன்றாவது, சில்லின் அரைச் சுற்றுக்கு ஒருமுறை முக்கி நின்றது.

"என்ன சண்முகநாதன், இது மட்டும் நொண்டுது?" என்றார் ஹாஜியார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

குறடு எடுத்து, மிஞ்சிய நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வை இறுக்கினேன். அழுத்தம் ஏறினால் தள்ளிக்கொண்டு போகும் என்று நினைப்பு.

"வேணாம் மச்சான், கண்ணாடி தாங்காது," என்று ராஜலிங்கம் குறட்டைப் பிடித்தான். பொயிலரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைச் சொன்னான்.

முழங்கையால் அவன் வாயில் இடித்தேன். பல் உடைந்தது. இன்னொரு சுற்று இறுக்கினேன். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. வாயில் இரத்தம் ஒழுக அவன் நெருப்பை அணைக்கக் குனிந்தான். கொலரைப் பிடித்து இழுத்தேன். அவன் விடவில்லை. முகம் எஞ்சினுக்கு நேரே இருந்தபோது குழாய் வெடித்தது.

கண்ணாடித் தூளும் கொதிநீரும் அவன் கண்களில் அடித்தன. சரளைக்கல்லில் உருண்டு உருண்டு கத்தினான். நான் எஞ்சினைத் தூக்கிக் கல்லில் அறைந்தேன். என் உள்ளங்கை வெந்தது அப்போது தெரியவில்லை.

வலது கண் போய்விட்டது, இடது கண் சந்தேகம் என்று மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டிலருகே சீதா உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வால்வை யாரு அண்ணே இறுக்குனது? அங்க நின்னவங்க ஆளுக்கொரு கதை சொல்றாங்க. இவரு வாயே தொறக்க மாட்டேங்கிறாரு."

சொல்லிவிடத்தான் வந்திருந்தேன். "சீதா," என்றேன்.

என் குரல் கேட்டதும் ராஜலிங்கம், கட்டுப்போட்ட முகத்தை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு சுவரோரமாக ஒண்டினான்.

"நான்தான் மச்சான்," என்றான். "நான்தான் இறுக்குனேன்."